உள்ளங்கையைக் காட்டாத வாண்டு!

கடைசி பெஞ்ச் டைரி

போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரை ஆராய்ச்சி பண்ணினோம். அதுல பருப்பு இருந்ததா இல்லையான்னு இன்னும் ரிசல்ட் வரல. இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ். ஆனா நடுநடுவே சிரிக்கலாம், தப்பில்லை. இந்தக் கதையின் ஹீரோவே பொழுதன்னைக்கும் சிரிச்சுட்டுத்தான் இருக்கான்.

ஹீரோ, என் அக்கா பையன். வயசு எட்டு. மூணாங் கிளாஸ். வீட்டுல 'வாண்டு'ன்னு கூப்பிடுவோம். நான் அவனுக்குத் தாய்மாமன். மொட்டை போட்டப்ப மடியில உக்கார வெச்சது, காது குத்துக்குக் கம்மல் வாங்கிக் குடுத்தது எல்லாம் நான்தான் (காசு அப்பாவோடது!).

போன வருஷம் பங்குனி உத்திரம். செமஸ்டர் ஸ்டடி ஹாலிடேஸ்னு ஊருக்குப் போயிருந்தேன். கோயில்ல சுண்டல் குடுத்தாங்க. எல்லாப் பசங்களும் ரெண்டு கையையும் ஏந்தி வாங்குறாங்க. நம்ம வாண்டு மட்டும் இடது கையை நீட்டி, உடம்பையே ஒரு பக்கமா சாய்ச்சு, கர்ச்சீஃபை ஏந்துறான். "டேய், வலது கையில வாங்குடா"ன்னு குருக்கள் ஒரு அதட்டு போட்டார். வாண்டு வலது கையை நீட்டினான். உள்ளங்கை மேல பார்க்கல. சுவரைப் பார்த்துச்சு. சுண்டல் பாதி கீழே.

"திமிரைப் பாரு"ன்னு பக்கத்துல ஒரு பாட்டி. ஸ்கூல்லயும் இதே கதைதானாம். "கையை நேரா நீட்டு"ன்னு மிஸ் சொல்ல, இவன் நீட்ட மாட்டேங்கறான்னு டைரியில எழுதி அனுப்பியிருக்காங்க. அக்கா அதுக்கு ரெண்டு அடி வேற போட்டிருக்கா.

வீட்டுக்கு வந்து அவன் கையைப் பிடிச்சுத் திருப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல திரும்பல. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, சுண்டு விரல் பக்கமா, கோலிக்குண்டு சைஸுல ஒரு முண்டு. கல்லு மாதிரி. அமுக்கினா நகரல. "வலிக்குதாடா?"ன்னா, "இல்ல மாமா, என் கை லாக் ஆயிருச்சு"ங்கறான். மெக்கானிக்கல் படிக்கிற எனக்கே அந்த டயக்னோசிஸ் தோணல!

ஊர் முழுக்க டாக்டர்

முண்டு இருக்குன்னு தெரிஞ்ச அன்னைக்கு சாயங்காலமே வீடு ஓ.பி. வார்டு ஆயிடுச்சு. "ரத்தக்கட்டு, மஞ்சப் பத்து போடு." "சுளுக்கு, நீவி விட்டா சரியாகும்." "பால் அதிகமா குடுத்திருப்பே, எலும்பு தனியா முளைச்சிருச்சு." அன்னைக்கே அக்கா அவனுக்குப் பாலை நிறுத்திட்டா. இன்னொரு சொந்தக்காரர் மட்டும் குரலைத் தாழ்த்தி, "கட்டின்னா... அதுவா இருக்குமோ?"ன்னார். அந்த 'அது'க்குப் பேரே சொல்லல. ஆனா அன்னைக்கு ராத்திரி அக்கா தூங்கல.

நடுவுல ஒருத்தர் நீவி விட்டே தீருவேன்னு எண்ணெயோட வந்து உக்காந்து, அழுத்தி ஒரு இழு இழுக்க, வாண்டு போட்ட சத்தத்துல நாலு வீடு கூடிடுச்சு. அதோட அந்தச் சிகிச்சை க்ளோஸ்.

மறுநாள் நானும் அக்காவும் அத்தானும் பஸ் ஏறினோம். டவுன்ல எலும்பு டாக்டர். கையை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், எக்ஸ்-ரே எடுக்கச் சொன்னார். ஃபிலிமை வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தவர், "முழங்காலுக்கும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க"ன்னார். கை வலிக்கு முழங்கால் எக்ஸ்-ரேயா? பில்லை ஏத்துறாங்களோன்னு மனசுக்குள்ள நினைச்சேன். (ஸாரி டாக்டர்!) முழங்கால்லயும் சின்னதா ரெண்டு முண்டு.

அப்புறம்தான் பேர் சொன்னார். 'ஹெரிடிட்டரி மல்டிபிள் எக்ஸாஸ்டோசிஸ்'. சுருக்கமா, பரம்பரையா வர்ற எலும்பு முண்டு. எலும்பிலிருந்தே கிளை மாதிரி வளரும். நுனியில குருத்தெலும்புத் தொப்பி. சுமார் 50,000 பேர்ல ஒருத்தருக்கு வர்ற அபூர்வ சமாச்சாரம். "இது கேன்சர் இல்லை"ன்னு அவர் சொன்ன அந்த செகண்ட், அக்கா பொலபொலன்னு அழுதுட்டா. சந்தோஷத்துல அழுறவங்களுக்கு டாக்டரே டம்ளர்ல தண்ணி குடுத்ததை அன்னைக்குத்தான் பார்த்தேன்.

ரெண்டு கம்பி... ஒரு வில்லு!

சரி, முண்டு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். கை ஏன் லாக் ஆகணும்? இங்கேதான் நம்ம டிபார்ட்மென்ட் வருது.

படிச்சுட்டே ஒரு சின்ன எக்ஸ்பரிமென்ட் பண்ணுங்க. முழங்கையை மடக்கி உடம்போட ஒட்டி வெச்சுக்கங்க. உள்ளங்கையை மேல் பார்க்கத் திருப்புங்க... இப்ப கீழ் பார்க்க. கதவுப் பிடி திருகறது, ஸ்க்ரூ முடுக்கறது, விபூதி வாங்கறது, டீ ஆத்தறது எல்லாத்துக்கும் இந்த ஒரு அசைவுதான் அடிப்படை.

முன்கையில ரெண்டு எலும்பு. சுண்டு விரல் பக்கம் அல்னா, கட்டை விரல் பக்கம் ரேடியஸ். அல்னா முழங்கையில கீல் மாதிரி மாட்டிக்கிட்டு அதிகம் அசையாம நிக்கும். ரேடியஸ்தான் அதைச் சுத்தி உருளும். உள்ளங்கை மேல் பார்த்தா ரெண்டும் தண்டவாளம் மாதிரி பக்கத்துல பக்கத்துல. கீழ் பார்த்தா ரேடியஸ், அல்னா மேல குறுக்கே விழும். எந்த கினிமேட்டிக்ஸ் புரொஃபஸரும் பொறாமைப்படற டிசைன். ஆனா ஒரு கண்டிஷன்... ரெண்டு கம்பியும் ஒரே வேகத்துல நீளமாகணும்.

குழந்தைகளோட எலும்பு அதன் முனைகளுக்குப் பக்கத்துல இருக்கிற வளர்ச்சித் தட்டிலிருந்துதான் நீளுது. அந்தத் தட்டு குருத்தெலும்பால ஆனது. அல்னா தன் நீளத்துல பெரும்பங்கை மணிக்கட்டு முனையிலிருந்துதான் வாங்குது, சுமார் 80 சதவிகிதத்துக்கு மேல. அந்த முனையோ ரொம்ப ஒல்லி. நீளமா வளரவேண்டிய செல்கள் வழி மாறிப் பக்கவாட்டுல வளர ஆரம்பிச்சதுதான் இந்த முண்டு. ஒல்லியான தட்டுல ஒரு கோலிக்குண்டு உக்காந்தா, நீள வளர்ச்சி அவ்வளவுதான்.

அல்னா பின்தங்கிடும். ரேடியஸ் வளர்ந்துட்டே இருக்கும். ரெண்டும் மேலயும் கீழயும் கட்டப்பட்டிருக்கு. என்ன ஆகும்? வில்லையும் நாணையும் நினைச்சுக்கங்க. நாண் குட்டையானா வில்லு வளையும். ரேடியஸ் அப்படித்தான் வளையுது. இன்னும் போனா, அதோட மேல் முனை முழங்கை மூட்டை விட்டே நழுவிடலாம். வாண்டுக்கு நழுவல. ஆனா அல்னா கிட்டத்தட்ட 2 செ.மீ. குட்டை. ரேடியஸ் வளைஞ்சாச்சு. போதாக்குறைக்கு, முண்டு ரெண்டு எலும்புக்கும் நடுவுல தலையை நீட்டி பிரேக் போடுது. கை திரும்பாததுக்குக் காரணம் இதுதான். திமிரும் இல்ல, சுளுக்கும் இல்ல!

பால் குடிச்சதாலயும் இல்ல. ரத்தத்துல கால்சியம் கூடிப்போய் வர்ற நோயே இல்ல இது. வளர்ற பையனுக்குப் பாலை நிறுத்தினதுதான் தப்புன்னார் டாக்டர். அன்னைக்கு ராத்திரி வாண்டு ரெண்டு டம்ளர் குடிச்சான், வட்டியோட.

டீ மாஸ்டரின் ரகசியம்

டாக்டர் கடைசியா கேட்ட கேள்விதான் எங்க வீட்டைப் புரட்டிப் போட்டுச்சு. "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி முண்டு, கை வளைவு இருக்கா?"

"இல்லை டாக்டர்"னு அக்கா சொல்லிட்டா. நானும் தலையாட்டிட்டேன். திரும்பி வர்ற பஸ்ல, பாதி வழியில எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

எங்க அப்பா டீக்கடை வெச்சிருக்கார். ஊர்ல அவருக்குப் பேரே 'பீச்சாங்கை மாஸ்டர்'. இடது கையில டீ ஆத்துவார். ஒரு சொட்டு சிந்தாம ரெண்டடி உயரத்துக்கு இழுப்பார். ஆனா சாப்பிடறது, எழுதறது எல்லாம் வலது கை. டீ ஆத்தறதுக்கு மட்டும் ஏன் இடது? "சின்ன வயசுல புளியமரத்துல இருந்து விழுந்து வலது கை உடைஞ்சுச்சு. சரியாக் கட்டாம விட்டுட்டாங்க"ன்னு அப்பத்தா சொல்லும். நாங்களும் இருபது வருஷமா நம்பிட்டு இருந்தோம். அவர் வலது முன்கை கொஞ்சம் குட்டை, வில்லு மாதிரி வளைவு. அதை மறைக்கத்தான் எந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டை.

அன்னைக்குக் கடையை மூடினதும், "அப்பா, சட்டையைக் கழட்டுங்க"ன்னேன். முறைச்சார். அப்புறம் கழட்டினார். மணிக்கட்டுல ஒண்ணு, தோள்பட்டைக்குக் கீழ ஒண்ணு. பக்கத்துல நின்ன அக்கா மெதுவா, "எனக்கும் முட்டிக்குக் கீழ ஒண்ணு இருக்குடா... கொழுப்புக் கட்டின்னு நினைச்சேன்"ன்னா.

அப்ப நான்? ஜீன்ஸைச் சுருட்டினேன். வலது முட்டிக்கு உள்பக்கம், கிரிக்கெட்ல பந்து பட்டு வீங்கினதுன்னு எட்டாங் கிளாஸ்ல இருந்து சொல்லிட்டு இருக்கிற அந்த முண்டு. பந்து பட்ட வீக்கம் ஏழு வருஷமாவா இருக்கும்? இன்ஜினீயரிங் மூளை!

அடுத்த வாரம் நாலு பேரும் எக்ஸ்-ரே ரூம் வாசல்ல வரிசையா உக்காந்திருந்தோம். நாலு பேருக்கும் இருந்துச்சு. அப்பா கையில பழைய முறிவுக்கான தடமே இல்லை. புளியமரம் நிரபராதி.

தாய்மாமன் சீர்னு தட்டுத் தட்டா வெப்பாங்களே... எங்க வீட்டுச் சீர்ல ஒரு மரபணுவும் சேர்ந்து போயிருக்கு.

பூவா தலையா

இந்த நோய்ல பெரும்பாலானவங்களுக்குக் கோளாறு இருக்கிறது ரெண்டு மரபணுக்கள்ல ஒண்ணுல. பேர் இஎக்ஸ்டி-1, இஎக்ஸ்டி-2. 1995, 96-ல கண்டுபிடிச்சாங்க. ஹெபரான் சல்ஃபேட்னு ஒரு சர்க்கரைச் சங்கிலியைச் செய்யறது இவங்க வேலை. வளர்ச்சித் தட்டுல எந்த செல் எந்தப் பக்கம் போகணும்னு சிக்னல் கொடுக்கிற டிராஃபிக்கை ஒழுங்குபடுத்தறதுல அந்தச் சங்கிலிக்குப் பங்கு இருக்கு. சங்கிலி குறைஞ்சா சில செல்கள் ஒன்வேயில நுழைஞ்சுடுது.

அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்தாலே போதும். ஒவ்வொரு குழந்தைக்கும் வர்றதுக்கு 50 சதவிகித வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. சுமார் பத்துல ஒருத்தருக்குக் குடும்பத்துல யாருக்குமே இல்லாம புதுசாவும் வரும். ஒரே குடும்பத்துல ஒருத்தருக்குக் கை வளையும், இன்னொருத்தருக்குப் பேருக்கு ஒரு முண்டோட நின்னுடும். அப்பாவுக்கும் வாண்டுக்கும் கை, எனக்கும் அக்காவுக்கும் முட்டி... அதே மரபணு, வேற வேற மார்க்.

"முதல் பிள்ளைக்கு வந்துட்டா ரெண்டாவதுக்கு வராது"ன்னு பெரியம்மா ஒரு தியரி சொன்னாங்க. பிராபபிலிட்டியில அரியர் வெச்சிருக்கிற எனக்கே அது தப்புன்னு தெரிஞ்சுது. காசுக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு தடவையும் புதுசா சுண்டணும்.

இந்தக் கணக்கு பேப்பர்ல ஈஸி. வீட்டுல ஈஸி இல்லை. அப்பா ஒரு வாரம் கடையைத் திறக்கல. "நான் குடுத்ததுதானே அவனுக்கு"ன்னு ஒரே வார்த்தை. நான் என்ன சொல்றதுன்னு தெரியாம, "நீங்க எங்கப்பா குடுத்தீங்க... காசைச் சுண்டினது யாருன்னே தெரியாதே"ன்னேன். அதுக்கு மேல பேச முடியல. பதில் சொன்னது வாண்டுதான். தாத்தா பக்கத்துல போய் உக்காந்து, தன் கையை அவர் கையோட ஒட்டி வெச்சு, "தாத்தா, சேம் சேம்"னான். அடுத்த நாள் காலையில ஆறு மணிக்கு பாய்லர் பத்த வெச்சாச்சு.

சைபீரியாவிலிருந்து ஒரு ஸ்பேனர்

முண்டு இருக்கிற எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. வலி, நரம்பு அழுத்தம், அசைவு குறையறது, எலும்பு வளையறது... இப்படி ஏதாவது இருந்தாதான் யோசிப்பாங்க. முண்டைக் கரைக்கிற மாத்திரை இன்னைக்கு வரை இல்லை. வாண்டுக்கு டாக்டர்கள் முடிவு பண்ணினது ரெண்டு வேலை. முண்டைச் செதுக்கி எடுக்கறது. அல்னாவை நீட்டறது.

எலும்பை நீட்டறதா? இதுக்குப் பின்னாடி சூப்பர் கதை ஒண்ணு இருக்கு. கவ்ரில் இலிசரோவ்னு ஒரு சோவியத் டாக்டர் (1921-1992). சைபீரியாவுல குர்கான்னு ஒரு ஊர். 1950-கள்ல, எலும்பு முறிஞ்சவங்களுக்கு வளையங்களையும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியையும் வெச்சு ஒரு கருவி செஞ்சார். எலும்பு முனைகளை நெருக்கிப் பிடிக்கறதுக்காகச் செஞ்சது. ஒரு பேஷன்ட் நட்டைத் தப்பான பக்கம் திருப்பிட்டாராம், இடைவெளி விட்ட இடத்துல புது எலும்பு முளைச்சதாம்னு ஒரு கதை சொல்வாங்க. எப்படியோ, மெதுவா இழுத்தா எலும்பு வளரும்ங்கறதை உலகத்துக்குக் காட்டினவர் அவர்தான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ல ஹைஜம்ப் தங்கம் வாங்கின வலேரி புரூமெல், அப்புறம் மோட்டார் சைக்கிள் விபத்துல கால் நொறுங்கி அலைஞ்சப்ப, அவரைக் குணமாக்கினதும் இவர்தான். மேற்கு நாடுகளுக்கு இந்த விஷயம் நல்லா தெரிஞ்சது 1980-களுக்கு அப்புறம்.

முறை ரொம்ப சிம்பிள். எலும்பை வெட்டுவாங்க. வெளியே ஒரு ஃபிரேம் மாட்டுவாங்க. சில நாள் கழிச்சு, ஒரு நாளைக்கு 1 மி.மீ. வீதம் இழுப்பாங்க. அதையும் ஒரேயடியா இல்ல, கால் கால் மில்லிமீட்டரா நாலு தடவை. வேகமா இழுத்தா எலும்பு உருவாகாது, நரம்பும் தாங்காது. ரொம்ப மெதுவா இழுத்தா முன்கூட்டியே ஒட்டிக்கும்.

போன மே மாசம் ஆபரேஷன். லீவுக்கு நான் வீட்டுல இருந்ததால ஸ்பேனர் டியூட்டி எனக்கு. காலை ஆறு, மதியம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி படுக்கறப்ப. ஒரு தடவைக்குக் கால் சுத்து. 1 மி.மீ. பிட்ச் இருக்கிற ஸ்க்ரூ, கால் சுத்துக்குக் கால் மி.மீ. போகும். ஃபர்ஸ்ட் இயர்ல மனப்பாடம் பண்ணி எழுதின ஃபார்முலா. 2 செ.மீ.க்கு மொத்தம் எண்பது கால் சுத்து. ஒவ்வொண்ணுக்கும் சுவர் காலண்டர்ல வாண்டு ஒரு கோடு போடுவான்.

ஜாலியா சொல்றேன்னு ஈஸின்னு நினைச்சுடாதீங்க. முப்பதாவது சுத்துக்கு மேல அவனுக்கு ராத்திரி வலி. கம்பி உள்ளே போற இடத்தை தினமும் சுத்தம் பண்ணணும். ஒரு தடவை சீழ் வெச்சு, ஆன்டிபயாடிக் போட்டு, ரெண்டு நாள் காய்ச்சல். நாற்பத்தி ஏழாவது சுத்துல "வேணாம் மாமா"ன்னு கையை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டான். மிஷின் ஷாப்ல எத்தனையோ நட்டு திருகியிருக்கேன். அன்னைக்கு என் கை நடுங்கின மாதிரி என்னைக்கும் நடுங்கினதில்லை. அப்பா வந்து, ஒண்ணும் பேசாம அவனை மடியில வெச்சுக்கிட்டார். நான் திருகினேன்.

நீட்டி முடிச்சதும் கதை முடியாது. புது எலும்பு கெட்டியாகணும். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மாசத்துக்கு மேலேயே ஆகும். ஃபிரேமோட மூணு மாசம் ஓட்டினான். ஸ்கூல்ல அவனுக்குப் பட்டப்பேர் 'ரோபோ'. அதை எக்ஸ்ட்ரா கெத்தாத்தான் எடுத்துக்கிட்டான். டைரியில எழுதி அனுப்பின அதே மிஸ், கிளாஸ் முழுக்கக் கையெழுத்துப் போட்ட ஒரு கார்டு குடுத்தாங்க.

இப்ப கை முழுசா திரும்புதா? இல்லை. முக்கால்வாசி. வளர்ற வயசுங்கறதால வித்தியாசம் மறுபடியும் வரலாம், இன்னொரு ஆபரேஷனும் தேவைப்படலாம்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டார். வளர்ச்சித் தட்டு மூடிக்கிற வயசு வந்தா புது முண்டு வர்றது நின்னுடும். ஆனா இந்தப் பங்குனி உத்திரத்துல வலது கையை நீட்டினான். உள்ளங்கை வானத்தைப் பார்த்துச்சு... சரி, கொஞ்சம் சாய்வா பார்த்துச்சு. சுண்டல் சிந்தல. எங்க அக்கா கோயில்னு கூட பார்க்காம விசிலடிச்சா!

எழுதலாமா... வேணாமா?

இதை எழுதப் போறேன்னதும் பெரியம்மா போன் போட்டாங்க. "பத்திரிகையில எல்லாம் போடாதேடா. நாளைக்கு உனக்கு யார் பொண்ணு குடுப்பா?"

நியாயமான கேள்வி. நானும் ரெண்டு நாள் யோசிச்சேன். எனக்கு வரப்போறவகிட்ட மறைச்சா, நாளைக்கு எங்க பிள்ளை கை திரும்பாம நிக்கிறப்ப அவளும் புளியமரத்தைத்தான் திட்டுவா. எங்க அப்பா நாற்பது வருஷம் முழுக்கைச் சட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சதாலதான் வாண்டு 'திமிர் பிடிச்சவன்'னு அடி வாங்கினான். அவரைக் குத்தம் சொல்லல. அவருக்கு யாரும் பேர் சொல்லித் தரல. எனக்குச் சொல்லித் தந்திருக்காங்க. தெரிஞ்சும் மறைச்சா அது என் தப்பு. பொண்ணு குடுக்கறவங்க இதைப் படிச்சுட்டே குடுக்கட்டும்! (அரியர் மேட்டரையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கேன், கவனிச்சீங்களா?)

வீட்டுக் குட்டீஸைக் கொஞ்சம் கவனிங்க பாஸ்

* கெட்டியா, நகராத முண்டு. உள்ளங்கை மேல் திரும்பாதது. ஒரு கை குட்டை... எதுவா இருந்தாலும் எண்ணெய் போட்டு நீவாம, எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. முதல்ல ஒரு சாதா எக்ஸ்-ரே போதும்.

* ஒரே ஒரு முண்டு இருந்தா அது பரம்பரை நோய்னு அர்த்தமில்லை. தனியா ஒண்ணே ஒண்ணு வர்றது நிறைய பேருக்கு உண்டு. டாக்டர்தான் பிரிச்சுச் சொல்லணும்.

* பல முண்டுகள் இருக்கிறவங்கள்ல 1 முதல் 5 சதவிகிதம் பேருக்கு, பெரும்பாலும் பெரியவங்களான பிறகு, ஏதாவது ஒண்ணு புற்றுநோயா மாறலாம். வளர்ச்சி நின்ன வயசுக்கு அப்புறம் முண்டு பெருசானாலோ, புதுசா வலிச்சாலோ தள்ளிப் போடாதீங்க. நான் வருஷத்துக்கு ஒரு தடவை என் முட்டியைக் காட்டப் போறேன்.

* குடும்பத்துல இருந்தா, குழந்தை பெத்துக்கறதுக்கு முன்னாடி மரபணு ஆலோசனை கேக்கலாம். ரத்தப் பரிசோதனை இருக்கு. முடிவு உங்களோடது.

* முக்கியமா, ஒரு குழந்தை "முடியல"ன்னா, திமிர்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை கையைப் பிடிச்சுப் பாருங்க.

எழுதி முடிச்சு அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். முதல்லேருந்து கடைசி வரை கேட்டார். அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துட்டு இருந்தவர் சொன்னார்...

"எல்லாம் சரி. டீ நல்லாருக்கும்னு ஒரு வரி போடலையேடா?"

போட்டாச்சுப்பா. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!